ஆறு மணி

நாங்கள் எவ்ரோஸ் என்கிறோம். எதிர்க்கரையில் மெரிச்.
எந்தப் பெயருக்கும் அது திரும்பிப் பார்த்ததில்லை.

பதினோரு வருடமாக
மாலை ஆறு மணிக்கு ஆறு பேசும்,
ஷெவ்கெத்தின் குரலில்.
எடிர்னேயிலிருந்து ஒரே ஓர் எண்.
திருப்பிச் சொல்வேன்.
"சரி" என்பார். வைத்துவிடுவார்.
அவர் ஊர் மேலே, எங்கள் பித்தியோ கீழே.
அங்கே ஏறிய தண்ணீர் இங்கே வந்துசேர
ஒரு பகலும் ஓர் இரவும் ஆகும்.
அதற்குள் ஆடுகளை மேட்டுக்கு ஓட்டலாம்,
பூண்டு மூட்டைகளைப் பரணில் ஏற்றலாம்.

மார்ச்சில் அந்த நாடு கொதித்தது.
சதுக்கங்களில் கூட்டம், கூட்டத்தின்மேல் புகை.
எங்கள் காபிக்கடை தொலைக்காட்சியில்
ஓடுகிற கால்கள் மட்டும் தெரிந்தன.
தம்பிக்குக்கூடக் கடன் தராத ஸ்டெர்கியோஸ்
அன்று எல்லோருக்கும் ஒரு சுற்று ஊற்றினான்.
"எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம்!"
கண்ணாடிக் குவளைகள் மோதிக்கொண்டன.
காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதென்று
எட்டிப் பார்க்க ஒருவனும் எழுந்திருக்கவில்லை.

எங்கள் தெருக்களில் டாங்கி ஓடிய வருடம்
அந்தக் கரையில் யாரோ கைதட்டினார்களாம்.
அம்மா டாங்கியை மறந்துவிட்டாள்.
கைதட்டலை மறக்கவில்லை.

வியாழக்கிழமை ஏதென்ஸிலிருந்து வந்தார் வலவானிஸ்,
மெல்லிய தோல் செருப்பும் தடித்த கோப்புமாக.
கரையோரம் ஒலிபெருக்கி நட வேண்டுமாம்.
'எழுங்கள், நாங்கள் இருக்கிறோம்' என்று
அவர்கள் மொழியிலேயே சொல்ல வேண்டுமாம்.
"இருக்கிறோமா?" என்று கேட்டேன்.
"எத்தனை படகு?"
கோப்பைப் புரட்டினார். அதில் படகு இல்லை.
என்னிடம் நான்கு உண்டு, இரண்டு ஒழுகும்.

சரி, அதை விடு, என்றார்.
தினமும் கூப்பிடுகிறானே, அவனிடம் மெதுவாகக் கேள்:
பாலத்தில் ராணுவம் நிற்கிறதா,
ரொட்டி கிடைக்கிறதா,
அவன் எந்தப் பக்கம்.
பென்சிலைச் சீவிக்கொண்டு என் எதிரில் உட்கார்ந்தார்.

ஆறு அடித்தது. தொலைபேசி அடிக்கவில்லை.
ஆறே கால்.
வலவானிஸ் நாற்காலியை முன்னுக்கு இழுத்தார்.
ஆறு நாற்பதுக்கு வந்தது, வேறு குரல்.
மீசை இன்னும் முளைக்காத குரல்.
"ஷெவ்கெத் பே?" என்றேன்.
அந்தப் பக்கம் ஏதோ தகரச் சத்தம்;
யாரோ பாத்திரம் தட்டுகிறார்களா, கூரையில் மழையா,
தெரியவில்லை.
பிறகு, பாடம் ஒப்பிப்பதுபோல:
"நானூற்று முப்பத்தேழு."

பென்சில் அந்தரத்தில் நின்றது.
நான் சொன்னேன்:
நானூற்று முப்பத்தேழு.

பையனுக்கு வழக்கம் தெரியாது. "சரி" சொல்லவில்லை.
"நாளைக்கும் சொல்லவா, அம்மா?" என்றான்.
நாளைக்கும் சொல், என்றேன்.
இந்தக் கம்பி அறாது, என்றேன்.
என்னால் கொடுக்க முடிந்த வாக்கு அது ஒன்றுதான்.

"ஏன் கேட்கவில்லை?" வலவானிஸ் எழுந்துவிட்டார்.
என் கணவரின் ரப்பர் பூட்ஸை அவர்முன் வைத்தேன்.
நானூற்று முப்பத்தேழு என்றால்
நாளை இரவு பள்ளிக்கூடத்தில் முழங்கால் தண்ணீர்.
பாவம், விடியும்வரை பூண்டு மூட்டை தூக்கினார்.
ஸ்டெர்கியோஸ் வீட்டு மூட்டைகளும் அதில் சேர்த்தி.

அன்றைய படிவத்தில் 'குறிப்பு' என்ற கட்டத்தில்
பதினோரு வருடத்தில் முதல்முறையாக எழுதினேன்:
கொட்டகையில் கம்பளி இருக்கிறது.
இரவில் யாராவது நீந்தி வந்தால்
முதலில் துவட்டிவிடுங்கள்.
எந்தப் பக்கத்தான் என்பதை
உலர்ந்த பிறகு விசாரிக்கலாம்.

ஷெவ்கெத் பிறகு வரவேயில்லை.
பிடித்துப் போனார்களா, பிடிக்கப் போனாரா,
எனக்குத் தெரியாது.
ஒரு சென்டிமீட்டர்கூட அவர் பொய் சொன்னதில்லை,
அது தெரியும்.

மறுநாள் ஆறு மணிக்குப் பத்து நிமிடம் முன்பே
போய் உட்கார்ந்தேன்.
பக்கத்து நாற்காலியில்
ஈரக் காலுறையோடு வலவானிஸ்.
அவர் கையில் பென்சில் இல்லை.
இருவரும் அந்தக் கறுப்புப் பெட்டியையே
பார்த்துக்கொண்டிருந்தோம்.